வெயில் இல்லாத ஊரில் கற்கால உணவு

மாணவர்களே, இந்த வாரம் ஒரு நாள் பிற்பகல் ஒரு மணியளவில் பள்ளித் திடலில் நிமிர்ந்து நின்று, உங்கள் நிழலின் நீளத்தைப் பாருங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் அதுதான். டிசம்பர் மாதமாகவே இருந்தாலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அந்த நேரத்து நிழல் உங்கள் உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் நிழல் சுமார் 80 சென்டிமீட்டர்.

அதே உயரமுள்ள ஒருவர் டிசம்பர் கடைசியில் ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் நின்றால், உச்சிவேளையிலும் அவருடைய நிழல் 14 மீட்டருக்கு நீளும். அங்கே அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு பாகைக்குச் சற்று மேலே எழுந்துவிட்டு, அப்படியே இறங்கிவிடும். பகல் பொழுது ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை.

இப்போது ஒரு கேள்வி. ஹெல்சிங்கியில் வாழும் ஒருவர் 'பேலியோ' என்னும் கற்கால உணவுமுறையைப் பின்பற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரொட்டி, பால், பருப்பு எதையும் அவர் தொடுவதில்லை. ஆனால் தினமும் காலையில் வைட்டமின் டி மாத்திரை ஒன்றை விழுங்குகிறார். "கற்கால மனிதன் மாத்திரை சாப்பிட்டானா? நீ செய்வது உன் கொள்கைக்கே முரண் இல்லையா?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்கிறார். கேலி நியாயமானதா?

விடை தெரிய வேண்டுமானால் உணவைப் பற்றி மட்டுமல்ல, சூரியனைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேலியோ என்றால் என்ன?

'பேலியோலித்திக்' என்பது பழைய கற்காலத்தைக் குறிக்கும் சொல். வேளாண்மை தொடங்குவதற்கு முன், மனிதர் வேட்டையாடியும் காய், கனி, கிழங்குகளைச் சேகரித்தும் வாழ்ந்த நெடுங்காலம் அது. வேளாண்மை தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு பல லட்சம் ஆண்டுகள் மனித உடல் வேறு வகை உணவுக்குப் பழகியிருந்தது. ஆகவே அந்தப் பழைய உணவே நமக்கு ஏற்றது என்பதுதான் இந்த உணவுமுறையின் அடிப்படை வாதம்.

அமெரிக்க ஆய்வாளர்களான பாய்ட் ஈட்டனும் மெல்வின் கோனரும் 1985இல் புகழ்பெற்ற மருத்துவ ஏடு ஒன்றில் கற்கால ஊட்டச்சத்து பற்றி எழுதிய கட்டுரை இந்தச் சிந்தனைக்கு வலுச் சேர்த்தது. 2002இல் லோரன் கோர்டெய்ன் எழுதிய நூல் அதைப் பொதுமக்களிடம் பரப்பியது.

இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டை ஆகியவை இந்த உணவுமுறையில் உண்டு. அரிசி, கோதுமை போன்ற தானியங்கள், பருப்பு வகைகள், பால் பொருள்கள், வெள்ளைச் சர்க்கரை, ஆலையில் பதப்படுத்திய உணவுகள் ஆகியவை கிடையாது.

இனிப்பு நீர், நொறுக்குத் தீனி போன்றவற்றை விட்டுவிட்டுக் காய்கறியை அதிகம் உண்பது நல்லதுதான். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஓர் உணவுமுறையை எடைபோடும்போது அதில் என்ன சேர்கிறது என்பதோடு, எது விடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கேதான் வைட்டமின் டி வருகிறது.

தோலில் தயாராகும் வைட்டமின்

வைட்டமின் என்றாலே உணவிலிருந்து கிடைப்பது என்று நினைக்கிறோம். வைட்டமின் டி இதற்கு விலக்கு. அதை நம் தோலே தயாரித்துக்கொள்ளும். தேவை சூரிய ஒளி மட்டுமே.

நம் தோலில் '7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால்' என்ற பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கொலஸ்ட்ராலின் நெருங்கிய உறவு. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகைக் கதிர் அதன்மேல் படும்போது, அதன் மூலக்கூறில் உள்ள வளையம் ஒன்று திறந்துகொள்கிறது. பிறகு உடலின் சூட்டிலேயே அது மெல்ல வடிவம் மாறி வைட்டமின் டி3 ஆகிறது. இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது. சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பிறகே அது முழு வேலைக்கு ஆயத்தமாகிறது.

அப்படி என்ன வேலை? நாம் உண்ணும் உணவிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் குடல் உறிஞ்சிக்கொள்ள அது உதவுகிறது. அது போதாவிட்டால், கால்சியம் நிறைந்த உணவை உண்டாலும் உடலால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. வளரும் குழந்தைகளின் எலும்பு இறுகாமல் மென்மையாகவே இருந்து, உடலின் எடை தாங்காமல் கால்கள் வில்லைப்போல் வளைந்துவிடும். இந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசைச் சோர்வும் வரும். உங்கள் வயதில் எலும்பு வேகமாக வளர்ந்துகொண்டிருப்பதால், இது உங்களுக்கும் தொடர்புள்ள செய்தியே.

குளிர்காலச் சூரியன் ஏன் போதாது?

ஹெல்சிங்கியில் குளிர்காலத்திலும் சூரியன் வரத்தானே செய்கிறது, கொஞ்ச நேரமாவது வெயிலில் நின்றால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. காரணம் குளிர் அல்ல, சூரியனின் கோணம்.

பூமியைச் சுற்றியுள்ள ஓசோன் படலம் 'பி' வகைப் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது கதிர்கள் அந்தப் படலத்தை நேராகத் துளைத்துக்கொண்டு வருகின்றன. கடக்கும் தூரம் குறைவு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதே படலத்தைச் சாய்வாகக் கடக்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தை நேர்குறுக்காக வெட்டினால் வெட்டு முகம் சிறியது, சாய்த்து வெட்டினால் நீளமானது அல்லவா? அதுபோலத்தான். லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியனின் உயரம் 15 பாகை. அப்போது கதிர்கள் கடக்க வேண்டிய காற்றின் அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி வந்து சேர்ந்துவிடும். வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வழியிலேயே தீர்ந்துபோகும்.

இதை 1988இல் ஆன் வெப், மைக்கேல் ஹோலிக் ஆகியோர் அடங்கிய குழு சோதித்துக் காட்டியது. தோலில் உள்ள அதே மூலப்பொருளை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மாதங்களில் மேகமற்ற வானத்தின்கீழ் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதில் மாற்றமே ஏற்படவில்லை. இன்னும் வடக்கே, கனடாவின் எட்மண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை இதே நிலை. தெற்கே உள்ள லாஸ் ஏஞ்சலஸிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் ஜனவரியில்கூட மாற்றம் நிகழ்ந்தது.

ஹெல்சிங்கி எட்மண்டனைவிடவும் வடக்கே இருக்கிறது. நோர்வேயின் டிரோம்சோ நகரமோ ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை.

கோடையில் சேர்த்துவைத்தது குளிர்காலத்துக்கு உதவாதா? ஓரளவு உதவும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது என்பதால் உடற்கொழுப்பில் கொஞ்சம் தங்கும். ஆனால் இரத்தத்தில் சுற்றிவரும் அதன் வடிவம், புதிதாக வந்து சேராவிட்டால், இரண்டு மூன்று வாரங்களிலேயே பாதியாகிவிடும். குளிர்காலமோ பல மாதங்கள் நீளும். கோடைச் சேமிப்பு குளிர்காலத்தின் பின்பகுதியில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது.

முன்னோர் எங்கிருந்து பெற்றார்கள்?

இனி நம் கேள்விக்கு வருவோம். கற்கால மனிதருக்கு மாத்திரை இல்லை. அவர்களுக்கு வைட்டமின் டி எப்படிக் கிடைத்தது?

கற்கால மனிதரின் இரத்தத்தை இன்று சோதிக்க முடியாது. ஆனால் இன்றும் மரபு வழியில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், பூமத்திய ரேகைக்கு அருகே வாழும் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் தேன், கிழங்கு, பழம் சேகரித்தும் வாழ்பவர்கள். மசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். இவ்விரு மக்களிலும் மொத்தம் 60 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. அவர்களுடைய இரத்தத்தில் வைட்டமின் டி அளவு சராசரியாக லிட்டருக்கு 115 நானோமோல் இருந்தது. 50 இருந்தாலே எலும்புக்குப் போதும் என்று பல நாடுகளின் வல்லுநர் குழுக்கள் கருதுகின்றன. அப்படியானால் 115 என்பது தாராளம்.

இந்த அளவு அவர்களுடைய உணவால் வந்ததல்ல. தேனிலும் கிழங்கிலும் வைட்டமின் டி இல்லை. இறைச்சியில் மிகக் குறைவு. அவர்கள் நாள் முழுவதும் வெளியில் இருக்கிறார்கள். அதிலும் சுடும் வெயிலில் வேண்டுமென்றே நிற்பதில்லை. முடிந்தபோதெல்லாம் நிழலைத் தேடுகிறார்கள். அப்படியிருந்தும் உயரே நிற்கும் சூரியன் அவர்களுக்கு வேண்டியதைத் தந்துவிடுகிறது.

அதாவது, நம் முன்னோரின் உணவுத்தட்டில் வைட்டமின் டி அதிகம் இருந்ததில்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வெயிலும் அவர்களுடைய உணவில் ஒரு பகுதியாக இருந்தது. உணவுப் பட்டியலை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு வெயிலை விட்டுவிட்டால், பட்டியலில் ஒரு வரி குறைகிறது.

கடல் கைகொடுத்த கதை

வடக்கே வாழ்ந்த முன்னோர் என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அவர்களுக்குக் கைகொடுத்தது கடல். கொழுப்புள்ள மீன்களிலும் மீன் ஈரலிலும் வைட்டமின் டி நிறைந்திருக்கிறது.

நோர்வேயின் வடபகுதியில் 'மொல்யே' என்றொரு குளிர்கால உணவு உண்டு. காட் மீனின் சதை, ஈரல், சினை மூன்றையும் வேகவைத்துச் சேர்த்து உண்பார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன்கள் முட்டையிடுவதற்காக லொஃபோட்டன் தீவுகளை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வரும். சூரியன் கைவிட்ட மாதங்களுக்குப் பிறகு, உடலின் சேமிப்பு குறைந்திருக்கும் வேளையில், வைட்டமின் டி நிறைந்த ஈரலோடு மீன் கரைக்கு வந்து சேர்கிறது. அங்குள்ள மக்கள் வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்கு முன்பிருந்தே அதை உண்டுவந்தார்கள்.

அந்த ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதுகில் பெரிய மீன் ஒன்றைச் சுமந்து நிற்கும் மனிதரின் படம் போட்ட ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டி பல வீடுகளில் இருந்தது. இன்றும் கடைகளில் இருக்கிறது. அவர் சுமந்திருப்பது காட் மீன்தான். நம் தாத்தா பாட்டியைக் கேட்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கிய கதையைச் சொல்வார்கள்.

ஐரோப்பாவின் பழைய வேட்டை மக்களைப் பற்றி இன்னொரு வியப்பான செய்தியும் உண்டு. சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு வேட்டை மனிதரின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அவருக்குக் கருமையான தோலும் நீலக் கண்களும் இருந்திருக்க வேண்டும் என்று அது காட்டியது. மீனும் வேட்டை இறைச்சியும் குறைந்து, தானிய உணவு பெருகிய பிறகுதான் வெயில் குறைந்த வடபகுதிகளில் வெளிர்தோல் கூடுதல் பயனுள்ளதாகிப் பரவியது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

பாலில் ஒளிந்திருக்கும் வைட்டமின்

இன்று ஹெல்சிங்கியில் வாழும் எல்லாரும் ஈரல் எண்ணெய் குடிப்பதில்லை. தினமும் மீன் உண்பதும் இல்லை. ஃபின்லாந்து அரசு வேறு வழி கண்டது. மக்கள் தினமும் உட்கொள்ளும் பாலிலும், ரொட்டியில் தடவும் மார்ஜரின் வகைகளிலும் வைட்டமின் டி சேர்க்கும் திட்டம் 2003இல் தொடங்கியது. 2010இல் அந்த அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. பலன் தெரிந்தது. 2000இல் ஃபின்லாந்துப் பெரியவர்களின் இரத்தத்தில் சராசரியாக 48 நானோமோல் இருந்த வைட்டமின் டி, 2011இல் 65 ஆக உயர்ந்தது.

கையில் பென்சில் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வைட்டமின் டியை மைக்ரோகிராமில் அளப்பார்கள். அது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சில புட்டிகளில் 'அனைத்துலக அலகு' என்று போட்டிருக்கும். 40 அலகு சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். வட ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பரிந்துரைப்படி, குழந்தைகளுக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் வேண்டும்.

ஃபின்லாந்தில் சத்தூட்டிய பால் ஒரு குவளையில் சுமார் 2 மைக்ரோகிராம் இருக்கும். ஒருவர் நாளுக்கு மூன்று குவளை பால் குடித்தால் 6. ரொட்டியில் 20 கிராம் மார்ஜரின் தடவி உண்டால் 4. மொத்தம் 10. கணக்கு நேராகிவிட்டது.

இப்போது நம் பேலியோ நண்பரின் தட்டைப் பார்ப்போம். பால் கிடையாது. ரொட்டி இல்லை, ஆகவே மார்ஜரினும் இல்லை. அந்தப் பத்தும் அப்படியே போய்விட்டது. காலையில் இரண்டு முட்டை: சுமார் 2 மைக்ரோகிராம். மதியம் கோழி இறைச்சியும் கீரையும்: ஏறக்குறையச் சுழியம். இரவு 85 கிராம் மாட்டு ஈரல் உண்டால் 1. ஆப்பிள், கேரட், முந்திரி: ஒன்றுமில்லை. மொத்தம் 3. வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இரவில் ஈரலுக்குப் பதில் ஒரு துண்டு சால்மன் மீன் உண்டால் கதை மாறும். பசிபிக் சால்மன் வகை ஒன்றில் 85 கிராமுக்குச் சுமார் 14 மைக்ரோகிராம் உண்டு. காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 10 கிடைக்கும். ஆக, பேலியோ உணவில் வைட்டமின் டி பெறவே முடியாது என்பதல்ல. அடிக்கடி கொழுப்பு மீன் உண்ணாவிட்டால், குளிர்காலத்தில் குறை விழுவது உறுதி.

வைட்டமின் டிக்கு மட்டுமல்ல, வேறு சத்துகளுக்கும் இந்த நிலை வரலாம். ஸ்வீடனின் உமியோ நகரில் மாதவிடாய் நின்ற, உடல் பருமனான பெண்கள் 70 பேரிடம் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பேலியோ வகை உணவு உண்டவர்களுக்கு அயோடின் குறைபாடு தோன்றியது 2018இல் வெளியான கட்டுரையில் தெரியவந்தது. ஸ்வீடனில் மக்களுக்கு அயோடின் முக்கியமாகக் கிடைப்பது அயோடின் கலந்த உப்பிலிருந்தும் பால் பொருள்களிலிருந்தும். இரண்டுமே பேலியோவில் தவிர்க்கப்படுபவை.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

வெயிலும் மீன் எண்ணெயும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு நெடுநாள் ஆயிற்று. புகை சூழ்ந்த தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் பெருகியிருந்த காலம் அது. 1919இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி, நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸைக் காட் ஈரல் எண்ணெய் தடுப்பதைக் கண்டார். ஒருவர் ஒளி என்கிறார், இன்னொருவர் உணவு என்கிறார். யார் சொல்வது சரி? வியன்னாவில் ஹேரியட் சிக் தலைமையிலான குழு குழந்தைகளிடம் இரண்டையும் சோதித்து, இரண்டுமே குணப்படுத்துகின்றன என்று 1922இல் காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எல்மர் மெக்காலம், எண்ணெயில் இருக்கும் அந்தப் பொருள் வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று என்று நிறுவினார். ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் முன்பே போய்விட்டதால் அதற்கு டி என்று பெயர் வந்தது.

இன்றைய வைட்டமின் டி3 மாத்திரை எப்படித் தயாராகிறது தெரியுமா? செம்மறியாட்டு ரோமத்தில் லானோலின் என்ற மெழுகு போன்ற பொருள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து நம் தோலில் உள்ள அதே 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைத் தயாரித்து, அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். வெயில் தோலில் செய்யும் அதே மாற்றம் தொழிற்சாலையில் நடக்கிறது. கிடைக்கும் மூலக்கூறும் அதேதான்.

ஆகவே நண்பரின் கேலிக்கு விடை கிடைத்துவிட்டது. மாத்திரை சாப்பிடுபவர் முன்னோரின் வழியிலிருந்து விலகவில்லை. முன்னோருக்கு வெயிலிலிருந்தோ மீனிலிருந்தோ கிடைத்த ஒன்றை, இரண்டும் போதாத இடத்தில் வேறு வழியில் பெறுகிறார். மாத்திரையை ஒதுக்கிவிட்டு ஹெல்சிங்கிக் குளிர்காலத்தில் கோழியும் கீரையும் மட்டும் உண்பதுதான் எந்த முன்னோரும் செய்யாத செயல்.

அளவு மீறினால்?

நல்லது என்பதற்காக அள்ளி விழுங்கக்கூடாது. வெயிலால் தயாராகும் வைட்டமின் டிக்கு உடலிலேயே கட்டுப்பாடு உண்டு. தேவைக்கு மேல் உண்டாவதை அதே ஒளி உடைத்து, வேலை செய்யாத வேறு பொருள்களாக்கிவிடும். விழுங்கும் மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் வயதினருக்கும் பெரியவர்களுக்கும் நாளுக்கு 100 மைக்ரோகிராமை, அதாவது 4,000 அலகை, மேல் வரம்பாக வைத்திருக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் அதைத் தாண்டிப் பல வாரங்கள் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் மிகும். குமட்டல், தீராத தாகம், சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

ஈரலையும் ஈரல் எண்ணெயையும் அளவோடு கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் வைட்டமின் ஏவும் மிகுதி. அதுவும் உடலில் சேர்ந்து நஞ்சாகக்கூடியது. ஆர்க்டிக் பகுதி மக்கள் துருவக் கரடியை வேட்டையாடினாலும் அதன் ஈரலைத் தொடுவதில்லை. அதில் வைட்டமின் ஏ ஆளையே வீழ்த்தும் அளவுக்கு இருக்கிறது.

குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரை கூடுதல் பலம் தரும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 25,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் பல ஆண்டுகள் நடந்த சோதனையில், நாளுக்கு 50 மைக்ரோகிராம் வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோயோ, மாரடைப்பு போன்ற இதய நோய்களோ, எலும்பு முறிவோ மற்றவர்களைவிடக் குறைவாக வரவில்லை. குறையை நிரப்புவதே மாத்திரையின் வேலை.

நமக்கு இதில் என்ன?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உடலைக் காக்கிறது. வெயில் கொளுத்தும் நாடுகளில் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே தோலோடு வெயில் குறைந்த நாட்டுக்குப் போனால், போதிய வைட்டமின் டி தயாரிக்க மற்றவரைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் இலங்கையின் கண்டிப் பகுதியில் வாழ்பவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. ஒஸ்லோவில் வாழ்பவர்களின் வைட்டமின் டி அளவு கண்டிவாசிகளைவிட மிகவும் குறைவாக இருந்தது. நோர்வேயில் குடியேறிய இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாளை உங்களில் சிலர் மேற்படிப்புக்காக லண்டனுக்கோ டப்ளினுக்கோ டொரொண்டோவுக்கோ போகக்கூடும். குளிருடையும் மசாலாப் பொட்டலமும் எடுத்துவைக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாருமே நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அரசின் சுகாதாரத் துறையே சொல்கிறது. கருமையான தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்பதும் அதே அறிவுரையில் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்ததும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தலைக்கு மேல் சூரியன் இருப்பதால் மட்டும் பயனில்லை. சாதாரணச் சன்னல் கண்ணாடி 'பி' வகைக் கதிர்களைத் தடுத்துவிடும். வகுப்பறை, பேருந்து, துணைப்பாட வகுப்பு, கைப்பேசி என்று நாள் முழுவதும் கூரையின்கீழ் கழிந்தால், நமக்கும் அது ஒருவகைக் குளிர்காலமே. தோல் சிவந்து எரியும் அளவுக்கு நிற்க வேண்டியதில்லை. திடலில் கொஞ்ச நேரம் ஓடி ஆடினாலே போதுமான வெயில் இங்கே கிடைக்கும்.

போகும்போது நிழலையும் பாருங்கள். உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வைட்டமின் டி தயாரிக்கும் வெயில் அது. உங்களைவிட நீண்டிருந்தால் அந்த வெயிலால் அதிகப் பயனில்லை. காலை எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, பிற்பகல் ஒரு மணிக்கு, மாலை ஐந்தரைக்கு என நான்கு முறை அளந்து ஓர் அட்டவணை போடுங்கள். பிறகு யாராவது "முன்னோர் உண்டதை மட்டும் உண்டால் போதும்" என்று சொன்னால், அந்த முன்னோரின் நிழல் எவ்வளவு நீளம் என்று கேட்டுப் பாருங்கள்.